ஆற்றுக்கு எந்தப் பக்கம், மச்சான்?

கண்ணாடிக் கூண்டுக்குள் ஏறிப் போய் இன்னும் இறங்கி வராத என் ஆசை மச்சான் குலசிங்கத்துக்கு,

உன் அத்தான் செல்லத்துரை எழுதுகிறேன். சிரிக்காதே. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் கோபம் என்பது உனக்குத் தெரிந்த கதை. நான் எழுத எழுத உன் தங்கமக்கா பக்கத்தில் இருந்து பிழை பிடிக்கிறாள். கலியாணம் கட்டின நாள் முதல் என்னில் பிழை பிடித்துப் பழகியவள், இது அவளுக்குப் பெரிய வேலை இல்லை.

வெள்ளவத்தையில் நான் தோசை சுடுகிற சைவக்கடைக்குக் காலையில் வருகிற பத்திரிகைக்காரர் ஒருவர் இதைப் போடுகிறேன் என்றார். ஆனால் நீ இருந்த படையின் பெயர், விமானத்தின் பெயர், போன இடம் எதையும் எழுதக் கூடாதாம். யப்பான்காரன் வாசித்துவிடுவானாம். என் எழுத்தை வாசித்து விளங்கிக்கொள்ளக் கூடிய யப்பான்காரன் ஒருவன் இருந்தால் எனக்கும் அவனைக் காண ஆசைதான்.

நாளைக்கு உனக்கு ஆட்டைத் திவசம். ஒரு வருஷம் போய்விட்டது, மச்சான். சண்டை முடியவில்லை. இருட்டடிப்பும் முடியவில்லை. அரிசி கூப்பனுக்குத்தான். கோதுமை மாவில் தோசை சுடுகிறேன். நீ பார்த்தால் செருப்புத் தைக்கத் தோல் விரித்திருக்கிறேன் என்று நினைப்பாய். குண்டு விழுந்ததும் யாழ்ப்பாணத்துக்கு ஓடின ஆட்கள் எல்லாம் திரும்பி வந்து, தாங்கள் ஓடவே இல்லை என்பதுபோலக் கடையில் குந்தியிருந்து கதைக்கிறார்கள்.

மாமி, உன் அம்மா, சுகம். சாப்பிடுகிறார். இந்த ஒரு சொல்லை எழுதலாம் என்று வருவதற்குள் நாங்கள் பட்டது கொஞ்சமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன்னோடு பறந்த இரண்டு பேரையும் நீ முதன்முதல் வீட்டுக்குக் கூட்டி வந்தது நினைவிருக்கிறதா? விமானம் ஓட்டுகிற வெள்ளைக்காரன் ஹரி, கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தான். பெயரைக் கேட்டதும் மாமி எழும்பி நின்றுவிட்டார். சிவன் கோயிலே கதியென்று கிடக்கிற மனுசியின் வீட்டுக்குப் பெருமாள் வந்துவிட்டார் என்று நான் சொன்னேன். மற்றவன் டொம், வழி பார்த்துச் சொல்கிறவன். நடுக்கடலில் போகிற கப்பலைக் கண்டுபிடித்துவிடுவானாம். அடுத்த கிழமை தனியாக வந்தபோது எங்கள் வீடு இருக்கிற ஒழுங்கையைக் கண்டுபிடிக்க முடியாமல் ரயில் தண்டவாளத்தையும் தாண்டிப் போய்க் கடற்கரை மணலில் முழித்துக்கொண்டு நின்றான். நான்தான் போய்க் கூட்டி வந்தேன்.

நீ பின்னால் கண்ணாடிக் கூண்டில் சுடுகிற துவக்கோடு இருக்கிறவன். குலசிங்கம் என்று முழுதாகச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. வெறும் ‘சிங்’ ஆக்கிவிட்டார்கள். முகாமுக்குப் புதிதாக வருகிறவர்கள் உன் தலைப்பாகை எங்கே என்று கேட்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

நீங்கள் மூன்று பேரும் மூன்று பேராக இருந்ததில்லை. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மற்ற இரண்டு முகமும் சுண்டிப் போகும். வேறு ஆளை ஏற்றிக்கொண்டு பறக்க உங்களுக்கு மனம் வராது. ஒருவன் செய்ததை மூவரும் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பறப்பு விளங்காது என்று ஒரு பிடிவாதம். நீ திருநீறு பூசினால் அவர்களுக்கும் ஒரு கீற்று. டொம் சப்பாத்தை இடக்காலில் முதலில் போட்டால் நீங்களும் இடக்கால். மாமி செய்யாத சாத்திரமா? அவரே உங்களைப் பார்த்து வாயில் கை வைத்தார்.

குதிரை ஓடிய மைதானத்தில்தான் உங்கள் விமானம் ஓடியது. இதை எழுதலாம், கொழும்பில் காக்கைக்கும் தெரிந்த இரகசியம். திரும்பி வரும்போது ஹரி எங்கள் வீட்டுக்கு மேலால் ஒருதரம் தாழப் பறந்துவிட்டுத்தான் போய் இறங்குவான். ஓடு கிடுகிடு என்று ஆடும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் மாமி இடியப்பத்துக்கு மா குழைப்பார். அதற்காக ஹரி மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கியதும் தெரியும். ஏச்சு வாங்கிய அன்றும் தாழத்தான் பறந்தான்.

பிறகு வந்தது அந்த நூல்.

கொட்டாஞ்சேனைக் கோயிலில் கொடியேறிய அன்று மாமி உன்னை இழுத்துக்கொண்டு போய், நேர்த்தி என்று சொல்லிக் கையில் காப்புக் கட்டுவித்தார். மஞ்சள் தோய்த்த நூல். காப்புக் கட்டினவன் திருவிழா முடிந்து ஐயர் அதை அறுக்கும் மட்டும் ஊர் எல்லையைத் தாண்டிப் போய்த் தங்கக் கூடாது. மாமியின் கணக்கு எனக்கு அப்போதே விளங்கியது. உன்னைக் கட்டிப் போட்டால் மூவரையும் கட்டிப் போட்டதாகும், மூவரும் போகாவிட்டால் விமானமும் போகாது. பெரிய துரைமாரின் படையைப் பத்து நாளைக்கு ஒரு முழ நூலால் நிறுத்தப் பார்த்த மனுசி உன் அம்மா.

ஹரியும் டொமும் விடுவார்களா? தங்களுக்கும் வேண்டும் என்று கையை நீட்டினார்கள். ஐயர் உன் முகத்தைப் பார்த்தார், நீ மாமியின் முகத்தைப் பார்த்தாய், மூன்று கையிலும் நூல் ஏறியது.

வெளியே வந்து செருப்புப் போடும்போதுதான் மாமியிடம் கேட்டாய்: "எணை, மேலாலை பறந்தாலும் ஊரைத் தாண்டினதுதானோ?"

"மேலாலை போனாலென்ன, கீழாலை போனாலென்ன," என்றார் மாமி. "போறவன் போகட்டும். ராப்படுக்கைக்கு இஞ்சை வந்திட வேணும்."

நீ அதை அவர்களுக்கு இங்கிலீசில் சொன்னாய். ஹரி ஏதோ ஆணைப்பத்திரம் கிடைத்ததுபோல நிமிர்ந்து நின்று தலையாட்டினான். நான் பெரிதாகச் சிரித்தேன். நீயும் சிரித்தாய்.

அதற்குள் அந்த ஞாயிறு வந்தது. துறைமுகத்தில் குண்டு, கொட்டாஞ்சேனையில் சன்னல் கண்ணாடி எல்லாம் தெருவில், கோட்டை ரயில் நிலையத்தில் ஆள்மேல் ஆள். எங்கள் ஒழுங்கை ஒரே நாளில் காலியானது. மாமி போகமாட்டேன் என்றார். மகன் ராப்படுக்கைக்கு வருகிற ஊரை விட்டுவிட்டு எங்கே போவது? அவர் போகாததால் நாங்களும் போகவில்லை. கடையில் வாடிக்கைக்காரர் இல்லாமல் நானும் தோசைக்கல்லும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

சில நாள் கழித்து ஒரு காலை நீங்கள் கிளம்பின சத்தம் கேட்டது. ஒன்றன் பின் ஒன்றாக, கனத்த சத்தம். மாமி சுளகில் மாவை அரித்து வைத்துவிட்டு, தண்டவாளத்துக்கு அங்கால் கடலோரக் கல்லணையில் போய் இருந்தார். மத்தியானம் தங்கம் சாப்பாடு கொண்டுபோனாள், அப்படியே திரும்பி வந்தது. பின்னேரம் ஒரு விமானம் வந்தது. மாமி எழும்பிவிட்டார். அது எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே போய்விட்டது. பிறகு இன்னொன்று. அதுவும் திரும்பவில்லை. கடலில் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. நான் பகிடிக்காரன், எனக்கு எப்போதும் ஒரு சொல் வாயில் இருக்கும். அன்று அந்தக் கல்லில் மாமிக்குப் பக்கத்தில் இருந்தபோது ஒன்றும் வரவில்லை, மச்சான்.

மாமி மட்டும் ஒன்று சொன்னார்: "மாவை மூடி வைக்கச் சொல்லும். பல்லி விழுந்திடும்."

அடுத்த நாள் சீருடைக்காரர் ஒருவர் வந்து, விமானம் கடலில் விழுந்தது, இரண்டு பேரை மீன்பிடி வள்ளம் தூக்கியது, உன்னைக் காணவில்லை என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். காணவில்லை என்ற சொல்லை மாமி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். காணாதவன் வருவான். அதுவும் காப்புக் கட்டினவன். அறுக்காத நூலோடு போனவன் எல்லைக்கு வெளியே எப்படி இருப்பான்?

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு இல்லை. முப்பத்தோராம் நாள் வந்தது, அந்தியேட்டிச் சடங்கும் இல்லை. ஐயர் தானாகவே வீட்டுக்கு வந்து கதைத்துப் பார்த்தார். மாமி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். "அவன் வரட்டும், மூண்டு பேரின்ரை நூலையும் ஒண்டா அறுப்பம்" என்பதுதான் ஒரே பேச்சு. ராவில் ஒரு பிடி சோறு உனக்கென்று மூடி வைப்பார். விடிந்ததும் அதைத்தான் அவர் தின்பார். வேறு ஒன்றும் தின்னமாட்டார். கை வளையல் முழங்கை வரைக்கும் ஓடத் தொடங்கியது. தங்கம் என்னிடம் வந்து மெல்ல அழுதாள்: தம்பி போய்விட்டான், இனி அம்மாவும் போகப் போறா. உனக்குச் சடங்கு செய்யாவிட்டால் மாமி பிழைக்கமாட்டார், சடங்கு செய்வோம் என்று வாய் திறந்தாலும் பிழைக்கமாட்டார். நான் என்ன செய்வேன்?

அப்படி இருக்கும்போதுதான் ஒரு பின்னேரம் ஒழுங்கையில் பட்டாள லொறி வந்து நின்றது. டொம் இறங்கினான். அவனுக்குப் பின்னால், ஊன்றுகோலோடு, நிலையில் நெற்றியை இடிக்காமல் குனிந்து, ஹரி உள்ளே வந்தான்.

இரண்டு பேரின் கையிலும் அந்த நூல் இருந்தது. மஞ்சள் போய் அழுக்கு நிறம். ஆசுப்பத்திரியில் ஹரியின் நூலை வெட்ட வந்த நேர்சுக்கு அவன் அடிக்கப் போனானாம். இத்தனை நாளும் கொழும்பு எல்லையைத் தாண்டிப் படுக்கவில்லையாம். ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்தவன் எங்கே தாண்டுவது என்று எனக்குள் ஒரு சிரிப்பு வந்தது, அதை விழுங்கிவிட்டேன். விடிந்தால் இருவரும் கப்பல் ஏற வேண்டும், கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை. நூலோடு எல்லை தாண்ட மாட்டோம், அம்மா அறுத்துவிட வேண்டும் என்று கேட்க வந்திருந்தார்கள்.

மாமி வாங்குப் பலகையில் அசையாமல் இருந்தார். "அவன் வராமல் எப்பிடி அறுக்கிறது?"

நீ இருந்திருந்தால் நீதான் நடுவில் நின்று மொழி சொல்லியிருப்பாய். நீ இல்லாத இடத்தில் நான் நின்றேன். என் இங்கிலீசு கப்பல்காரரிடம் படித்தது. இன்னும் ஒரு தோசை, சட்னி உறைக்கும், கடன் இல்லை, இவ்வளவுதான் எனக்கு வரும். அதை வைத்துக்கொண்டு உன் சாவைச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஹரி மெல்ல மெல்ல, எனக்காகச் சின்னச் சின்னச் சொல்லாகச் சொன்னான். திரும்பும்போது யப்பான்காரன் சுட்ட சூடு ஓர் எஞ்சினில் பட்டுவிட்டது. உங்கள் மூவருக்கும் ஒரு காயமும் இல்லை. பக்கத்தில் இறங்க ஒரு இடம் இருந்தது, டொம் அதைக் காட்டினான். கொழும்பு தூரம். ஹரி காதுப் போனில் உங்கள் இருவரிடமும் கேட்டான்: இங்கே இறங்குவதா, வீட்டுக்குப் போவதா?

இந்த இடத்தில் அவனை அறியாமலே ஹரியின் இடக்கை விரல்கள் வலக்கை நூலைத் தடவின. நீ என்ன சொன்னாய் என்று பிறகு சொன்னான். எனக்கு விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருக்கக் கூடாதா?

வெளியே லொறிக்காரன் ஹோன் அடித்தான்.

"நூலைத் தொட்டுக்கொண்டு என்ன சொல்லுறான் அவன்?" மாமியின் கண் என் முகத்தில் இருந்தது. "மறையாமல் சொல்லும், மருமோன்."

தங்கம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். பகிடி பண்ணித் தப்பிக்க முடியாத இடம் அது. அந்த விரலை மாமி பார்த்துவிட்டார். இனி நான் எதைச் சொன்னாலும் அவருக்கு அந்த விரல்தான் தெரியும்.

சொன்னேன். "‘கையிலை நூல் கிடக்கு, அம்மா ஏசுவா, வீட்டை போவம்’ எண்டவனாம், மாமி."

மாமியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஹரி அழத் தொடங்கினான். சுக்கான் பிடித்தது என் கை, நான்தான் இறக்கியிருக்க வேண்டும் என்று திருப்பித் திருப்பிச் சொன்னான். அதையும் சொன்னேன். மாமி அவனைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கையையும் மடியில் விரித்து, அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீர்கொழும்புக் கரையோரமாக இறங்கி வந்தீர்களாம். கொழும்பு கண்ணில் தெரிகிற நேரம் மற்ற எஞ்சினும் நின்றது. வீடுகளில் விழாமல் ஹரி கடலுக்குத் திருப்பினான். முன்னால் இருந்த இருவரும் வெளியே வந்துவிட்டார்கள். உன் கூண்டு திறக்கவில்லை. டொம் மூச்சுப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கீழே போயிருக்கிறான்.

பிறகு மாமி கேட்டார். நான் எதிர்பார்த்த கேள்வி அது இல்லை.

"விழுந்தது எவ்விடத்திலை? எல்லைக்கு உள்ளையோ, வெளியிலையோ? கேளும்."

எழும்பிப் போய், இடியப்பத்துக்கு அரித்த மாவோடு சுளகைக் கொண்டுவந்து டொமுக்கு முன்னால் வைத்தார். வழி பார்க்கிறவன் அவன், அவனுக்குத்தான் தெரியும்.

டொம் முழங்காலில் இருந்து மாவில் விரலால் கீறினான். கரை. களனி ஆறு கடலில் விழுகிற முகத்துவாரம். அதற்குத் தெற்கே கொட்டாஞ்சேனை, கோயிலுக்கு ஒரு புள்ளி. ஆற்றுக்கு வடக்கே வத்தளை. மாமி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதான் எல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், டொமுக்கும் தெரியும்.

மச்சான், நான் பார்த்ததைச் சொல்கிறேன். டொமின் விரல் முதலில் ஆற்றுக்கு வடக்கே போய் மாவைத் தொட்டது. தொட்டுவிட்டு நின்றது. அவன் ஹரியைப் பார்த்தான். பிறகு விரலைத் தூக்கி, ஆற்றுக்குத் தெற்கே, கோயில் புள்ளிக்கு நேரே கடலில் வைத்து அழுத்தினான்.

"இங்கே," என்றான் தமிழில். நீ சொல்லிக் கொடுத்த சொல்.

முதலில் தொட்ட இடத்தில் ஒரு சின்னக் குழி அப்படியே கிடந்தது. மாமி அந்தக் குழியையும் பார்த்தார், இந்தக் குழியையும் பார்த்தார். வெளியே லொறிக்காரன் இறங்கி வந்து, "மஹத்தயா, பரக்கு வெனவா," என்று சிங்களத்தில் நேரம் போவதைச் சொன்னான். யாரும் திரும்பவில்லை.

மாமி சுளகை இரண்டு கையாலும் தூக்கினார். ஒரு தட்டுத் தட்டினார். ஆறும் கோயிலும் வடக்கும் தெற்கும் ஒன்றாகி, வெறும் மாவாகிவிட்டது.

"அப்ப பிள்ளை ஊருக்கு வந்திட்டான்," என்றார்.

பிறகு பாக்குவெட்டியை எடுத்துவந்து ஹரியின் கையைப் பிடித்து அறுத்தார். டொமின் கையைப் பிடித்தபோது, "இந்தப் பிள்ளையின்ரை விரல் நடுங்குது, தேத்தண்ணி குடு தங்கம்" என்றார். அறுத்த நூல்களை வெற்றிலையில் சுற்றி என்னிடம் தந்தார். "மற்றதைக் கடல் அறுத்திருக்கும். அந்தியேட்டிக்கு ஐயரைக் கேளும், மருமோன்." அதுவரை அழாமல் நின்ற தங்கம் அப்போதுதான் சத்தம் வைத்து அழுதாள்.

அந்த மாவிலேயே இடியப்பம் அவித்தார், மச்சான். லொறிக்காரனையும் கூப்பிட்டு இருத்தினார். ஹரி தின்ன முடியாமல் தின்றான். மாமி அவனுக்கு எதிரே இருந்து, ஒரு தட்டில் தனக்கும் போட்டுக்கொண்டார். நான் சொதி ஊற்றுகிற சாட்டில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தேன்.

முகத்துவாரத்தில் உனக்கு அந்தியேட்டி செய்தோம். அந்த இரண்டு நூலும் ஆற்றோடு கடலுக்குப் போயின. ஹரியும் டொமும் இப்போது எங்கே பறக்கிறார்களோ, உன் கூண்டில் யார் இருக்கிறானோ, ஒரு சேதியும் இல்லை. வீட்டுக்கு மேலால் எது பறந்தாலும் மாமி நிமிர்ந்து கூரையைப் பார்க்கிறார். பிறகு குனிந்து வேலையைப் பார்க்கிறார்.

எனக்கு ஒன்று மட்டும் தெரியாது. டொமின் எந்த விரல் உண்மை சொன்னது? முதல் விரலா, இரண்டாம் விரலா? உன் அம்மா நம்பிவிட்டுச் சுளகைத் தட்டினாரா, இல்லை தெரிந்துகொண்டு தட்டினாரா? நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். இந்தக் கடிதத்தை மாமிக்கு வாசிக்கும்போது இந்த இடத்தைத் தாண்டி வாசிப்பதாகத் தங்கம் சொல்லியிருக்கிறாள். பத்திரிகையில் வாசித்துவிட்டு யாராவது மாமியிடம் போய் ஊதினால், அவர்களுக்கு இனி என் கையால் தோசை கிடையாது. அவர்களுக்கு அது நல்லகாலமாகவும் இருக்கலாம்.

ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக் காலையில் முகத்துவாரத்தில் ஐயர் சொன்னபடி தெற்குக் கரையில் உனக்குப் பிண்டம் வைப்பேன். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ஒரு தோணிக்காரனைப் பிடித்து ஆற்றைக் கடந்து போய், வத்தளைப் பக்கத்து மணலிலும் ஒரு பிடி சோறு வைப்பேன். நாளைக்கு மட்டுமில்லை, என் காலில் பலம் இருக்கும் வரைக்கும் வருஷா வருஷம். எந்தப் பக்கம் கிடந்தாலும் நீ பசியோடு கிடக்கமாட்டாய்.

இரண்டு பக்கமும் வந்து தின்றுவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்று அக்காவிடம் கோள் மூட்டாதே.

உன் அக்காவிடமும் உன்னிடமும் ஒருசேர மாட்டிக்கொண்ட
உன் அத்தான்,
செல்லத்துரை
வெள்ளவத்தை